ரஜுலா கப்பலில் யார் பெரியவர்?

உல்லாசக் கப்பல் பயணம் இன்று நம்மவர்களுக்குப் புதிய செய்தியல்ல. பள்ளி விடுமுறை வந்தால் மூன்று நாள், நான்கு நாள் என்று குடும்பத்தோடு கப்பலேறிப் போய் வருகிறார்கள். சிலாங்கூரின் வட கோடியில், பெர்ணம் ஆற்றுக்கு இப்பால் இருக்கும் சுங்கை ஆயர் தாவாரிலிருந்தும் கிள்ளானுக்குப் போய்க் கப்பலேற முடிகிறது. பாட்டன் இறங்கிய துறைமுகத்தில் பேரன் உல்லாசமாக ஏறுகிறான். மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்தக் கப்பலுக்குள் ஒரு தராதரம் இருக்கிறது. எத்தனை முறை வந்தீர்கள், எத்தனை இரவு தங்கினீர்கள் என்பதைக் கம்பெனி எண்ணிக்கொண்டே இருக்கும். 'ராயல் கரீபியன்' என்ற பெரிய கம்பெனியின் கணக்கைப் பாருங்கள். ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. சொகுசு 'சூட்' அறை எடுத்தால் இரண்டு புள்ளி. 3 புள்ளி சேர்ந்தால் தங்கம், 30-க்குப் பிளாட்டினம், 55-க்கு மரகதம், 80-க்கு வைரம். 700 புள்ளி சேர்த்தவருக்கு எல்லாவற்றிலும் உயர்ந்த படி. படி ஏற ஏற வரிசையில் முதலிடம், தனிக் கூடம், இலவச பானம் என்று சலுகைகள் கூடும்.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'விசுவாசம்'. அட்டை வாங்கியவர்களில் நல்லவர்களும் உண்டு, வரிசையில் நிற்கும்போது "நான் எத்தனையாவது முறை வருகிறேன் தெரியுமா?" என்று குரல் உயர்த்துபவர்களும் உண்டு. ஒரே கப்பல், ஒரே கடல். இருந்தும் முதல் முறை வந்தவர் கொஞ்சம் கூசித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இது இன்று முளைத்த பழக்கமா? நம் முன்னோர்களை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த கப்பல்களின் கதையைப் புரட்டினால் பதில் கிடைக்கும்.

தட்டில் வந்த ஐயாயிரம் பேர்

மலேசியத் தமிழர்களின் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட கப்பல் 'ரஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. அதன் சகோதரக் கப்பல் 'ரோனா'. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது ரஜுலாவின் வழக்கமான பாதை. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்க வசதியில்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் படகில் போய், அலையில் ஆடி ஆடி ஏற வேண்டும். அங்கேயே தராதரம் தொடங்கிவிடும். அறை எடுத்தவர்களுக்குக் கட்டில், மேசை, பரிமாற ஆள். மற்றவர்களுக்குத் தட்டு. அதைத்தான் 'டெக்' என்றார்கள். பாயை விரித்த இடம்தான் படுக்கை, டிரங்குப் பெட்டிதான் தலையணை.

ரஜுலா தன் ஆரம்ப காலத்தில் 5,000-க்கும் அதிகமான தட்டுப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அறைகளில் பயணம் செய்தவர்களோ இருநூறு பேருக்கும் குறைவு. அந்த இருநூறு பேருக்காகக் காற்றோட்டமான இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மீதி ஐயாயிரம் பேரும் சரக்கோடு சரக்காக வந்தார்கள்.

கரை வந்த பிறகும் வேறுபாடு தீரவில்லை. தட்டில் வந்தவர்களைத் தொற்றுநோய்த் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். பினாங்கில் பூலாவ் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு, போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு முகாம். அறையில் வந்தவர் நேரே வீடு போகலாம். அம்மையும் காலராவும் டிக்கெட்டைப் பார்த்தா ஆளைத் தொற்றும்? ஆனால் அதிகாரிகள் டிக்கெட்டைத்தான் பார்த்தார்கள்.

விசுவாசத்துக்குக் கிடைத்த விலை

அப்படியானால் அடிக்கடி கப்பலேறியவர்கள் யார்?

செட்டியார் வட்டிக்கடை முகவர்கள் ஒரு பிரிவு. மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார்கள், அடுத்த ஆள் வருவார். நாகூர், கீழக்கரை பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் இன்னொரு பிரிவு. பினாங்குக் கடல் அவர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம்.

மூன்றாவது ஆள் கங்காணி. கதை இங்கேதான் கவனிக்கத்தக்கது.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு, தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் பெரும் பொறுப்பு கங்காணியின் கைக்கு வந்தது. கங்காணி வெளியாள் அல்லர். அதே தோட்டத்தில் வேலை செய்தவர். துரையின் நம்பிக்கையைப் பெற்றவர். அவருக்கு லைசென்ஸ் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் உன் ஆட்களைக் கொண்டு வா" என்று அனுப்பினார்கள். கொண்டுவரும் ஒவ்வொரு தலைக்கும் தரகுக் காசு உண்டு. அந்த ஆட்கள் தோட்டத்தில் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று சில காசுகள் கங்காணிக்கு வந்து சேரும்.

இன்றைய கப்பல் கம்பெனியின் புள்ளிக் கணக்கும் அன்றைய கங்காணியின் தலைக் கணக்கும் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரியவில்லையா? விசுவாசமாக இரு, சலுகை கிடைக்கும். ஒரு வேறுபாடு உண்டு. இன்று பயணி தன் இரவுகளை எண்ணிப் படி ஏறுகிறார். அன்று கங்காணி அடுத்தவர் தலைகளை எண்ணிப் படி ஏறினார்.

தொழிலாளியின் பயணச் செலவை 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றது. தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிய பணம் அது. ஆகையால் வந்து இறங்கும்போது பயணக் கடன் தலையில் இல்லை. இது நல்ல மாற்றம்தான். இருந்தாலும் இலவச டிக்கெட்டில் வந்தவர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பலர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கப்பலேறினார்கள். திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டே இங்கேயே மண்ணானவர்கள் அவர்கள். அவர்களுக்கு எந்தக் கப்பலிலும் 'பழைய பயணி' என்ற மரியாதை கிடைக்க வழியில்லை.

இந்தியாவிலிருந்து உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவது 1938-இல் இந்திய அரசால் நிறுத்தப்பட்டது. அத்தோடு கங்காணியின் கப்பல் கணக்கும் முடிந்தது.

காந்தி பார்த்த தட்டு

தட்டுப் பயணம் எப்படி இருந்தது என்பதற்குப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். 1915-இல் மகாத்மா காந்தி கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்குத் தட்டுப் பயணியாகவே போனார். அதே வங்காள விரிகுடாதான். அந்த அனுபவத்தைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

குளியலறையும் கழிவறையும் கால் வைக்க முடியாத நிலை. கப்பல் அதிகாரியிடம் முறையிட்டும் பயனில்லை. அதோடு காந்தி நிறுத்தவில்லை. சக பயணிகளின் போக்கையும் மறைக்காமல் சொன்னார். உட்கார்ந்த இடத்திலேயே துப்பினார்கள், எச்சிலையும் வெற்றிலைச் சக்கையும் அங்கேயே கிடந்தன, ஆளாளுக்கு அதிக இடம் பிடிக்கப் பார்த்தார்கள், ஆள் அடைத்த இடத்தைவிட மூட்டை அடைத்த இடம் அதிகம் என்று எழுதினார்.

கரை சேர்ந்ததும் கப்பல் ஏஜெண்டுக்கு அவர் கடிதம் போட்டார். திரும்பி வந்த பயணமும் தட்டில்தான். ஆனால் நிலைமை சற்றுத் தேறியிருந்தது. கவனியுங்கள். தமக்கு ஓர் அறை கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. தட்டையே சரிசெய்யச் சொன்னார். உயர்ந்த வகுப்புக்கு ஏறிக்கொள்வது ஒருவருடைய பிரச்சினையைத் தீர்க்கும். தாழ்ந்த வகுப்பைச் சீர்செய்வது எல்லாருடைய பிரச்சினையையும் தீர்க்கும்.

நெருக்கடியிலும் நல்லது விளைந்ததுண்டு. டிரினிடாட், கயானா, பிஜி ஆகிய நாடுகளுக்குப் போன இந்தியர்கள் ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்' என்றார்கள். கப்பல் சகோதரன் என்று பொருள். ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காதவர்கள்கூடக் கப்பலில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டியிருந்தது. சாதிக்குத் தனி இடம் ஒதுக்கத் தட்டில் இடமில்லை.

கரை இறங்கிய தராதரம்

கப்பலில் இருந்த வகுப்புகள் கரையில் கரைந்து போயினவா? இல்லை. அவை தோட்டத்துக்குள் குடியேறின.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917-இல் உருவானது. கடலோரமாக வடக்கே போகப் போகத் தென்னையும் ரப்பரும். எந்தத் தோட்டமாக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். மேட்டில் துரை பங்களா, நடுவில் கிராணி வீடு, கீழே லயம். கப்பலின் மேல் அறையும் கீழ்த் தட்டும் அப்படியே நிலத்தில் இறங்கியதுபோல.

நம்மவர்களுக்குள்ளேயே இன்னொரு பேச்சும் எழுந்தது. "நாங்கள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள், கூலிக் கப்பலில் வந்தவர்கள் அல்ல" என்ற பேச்சு. சம்பந்தம் பேசும்போதும் சங்கத்தில் நாற்காலி போடும்போதும் அது தலை நீட்டியது. சொந்தக் காசு போட்டவர்களிலும் மிகப் பலர் அதே தட்டில் பாய் விரித்து வந்தவர்கள்தாம். அதே தடுப்பு முகாமில் அடைபட்டவர்கள்தாம். இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தத் தராதரத்தை எதிர்த்து நம் தொழிலாளர்கள் எழுந்த ஆண்டு 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலை நிறுத்தம் கோல சிலாங்கூர் பக்கமும் பரவியது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

கூலி உயர்வுக்குச் சமமாக வைத்துக் கேட்ட கோரிக்கை அது. மனிதனுக்கு வயிறு மட்டுமா இருக்கிறது? போராட்டத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

சிவப்பு அட்டை

விசுவாசத்தின் கணக்கு கடைசியாகத் தீர்க்கப்பட்டது 1969-க்குப் பிறகு.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது மொழித் தேர்வு இல்லாமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் இருந்தது. தோட்டத்துக்குள் இருந்த பலருக்கு அதன் அருமை எட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, பிறப்புச் சான்று இல்லை, "எப்படியும் ஊருக்குப் போகத்தானே போகிறோம்" என்ற நினைப்பு வேறு. அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. அது நடைமுறைக்கு வந்தபோது முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு பால் மரம் வெட்டியவர்களும் திகைத்து நின்றார்கள். பல்லாயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். ரஜுலாவும் 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' கப்பலும் அவர்களை ஏற்றிச் சென்றன. பிள்ளைகள் இங்கே, பெற்றோர் அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை!

முப்பது இரவு கப்பலில் தங்கியவருக்குப் பிளாட்டினம் தருகிறது இன்றைய கம்பெனி. முப்பது ஆண்டு இந்த மண்ணுக்கு உழைத்தவர் கையில் அன்று இருந்தது சிவப்பு அட்டை. யாருடைய விசுவாசத்தை யார் எண்ணினார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ரஜுலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. பலர் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பல் மீண்டும் பயணிகளோடு ஓடவில்லை. ஆகாய விமானம் மலிந்த காலம் அது. கப்பல் பயணம் நம் வாழ்விலிருந்து மெல்ல மறைந்தது.

தட்டில் பயணம் செய்து வந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். சுங்கை ஆயர் தாவாரிலும் சபாக் பெர்ணத்திலும் கோல சிலாங்கூரிலும் பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் கப்பல் டிக்கெட்டோ, பழைய பாஸ்போர்ட்டோ, அம்மை குத்திய சான்றோ இன்னும் கிடக்கக்கூடும். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள். இலவச டிக்கெட்டா, சொந்தக் காசா என்ற ஆராய்ச்சி வேண்டாம். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், யாரோடு வந்தார் என்பதை எழுதி வையுங்கள்.

அடுத்த விடுமுறையில் உல்லாசக் கப்பலேறும் பிள்ளைக்கும் ஒரு சொல். கையில் எந்த நிறத்து அட்டை இருந்தாலும், வரிசையில் பின்னால் தயங்கி நிற்கும் புதிய பயணிக்கு வழி காட்டி விடுங்கள். தாத்தா பாட்டியும் ஒரு நாள் அப்படித்தான் கப்பலில் தயங்கி நின்றார்கள்.