பிக்கப்பை இரண்டு இன்ச் உயர்த்தும் முன்: ஸ்பிரிங், அப்சோர்பர் தேர்வில் கவனிக்க வேண்டியவை

தோட்டத்துச் செம்மண் சாலையிலும் பட்டணத்து நெடுஞ்சாலையிலும் ஒரே பிக்கப்பை ஓட்டுபவர்கள் நம்மிடையே அதிகம். வாரநாளில் உர மூட்டை, வார இறுதியில் குடும்பம். மழைக்காலத்தில் சக்கரத்தடம் ஆழமாகி, வண்டியின் அடிப்பாகம் மண்ணில் உரசத் தொடங்கியதும் 'இரண்டு இன்ச் தூக்கிவிட்டால் போதும்' என்ற பேச்சு எழுகிறது. பட்டறையில் உடனே ஒரு விலையும் சொல்லிவிடுவார்கள். அந்த விலைக்குத் தலையாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப்களில் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை செய்யப்படும் மிதமான உயர்த்தல் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. காட்டுப் போட்டிகளுக்காகத் தயாரிக்கப்படும் வண்டிகளின் கணக்கு வேறு.

எதைச் சுமப்பது எது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது அப்சோர்பர். வண்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கை மாற்றாமல் நீளமான அப்சோர்பரை மட்டும் போட்டால் வண்டி உயராது.

மேற்சொன்ன வண்டிகளில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங். வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. மாட்டு வண்டிக் காலத்திலேயே 'வில் வண்டி' என்ற பெயர் இதனால்தான் வந்தது.

முதலில் எடை, பிறகு ஸ்பிரிங்

கடையில் நிற்கும்போது பலரும் முதலில் கேட்பது 'எத்தனை இன்ச் உயரும்?' என்பதுதான். அதற்கு முன் 'என் வண்டி எவ்வளவு எடையோடு ஓடுகிறது?' என்பதற்கு விடை வேண்டும். தரமான தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்குப் பல ஸ்பிரிங் வகைகளை விற்கிறார்கள். காலி வண்டிக்கு ஒன்று, எப்போதும் நடுத்தரச் சுமையோடு ஓடும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் கனமான சுமையோடு ஓடும் வண்டிக்கு ஒன்று.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். பின்பக்கம் உள்ள ஒவ்வொரு பட்டை ஸ்பிரிங்கும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 50 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடை, தேவை என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ உர மூட்டைகள் பத்தை ஏற்றினால் 500 கிலோ. அந்தச் சுமை முழுவதும் பின் அச்சின் மேல் விழுந்தால் ஒரு பக்கத்துக்கு 250 கிலோ. வண்டி 50 மில்லிமீட்டர் இறங்கிவிடும். காசு கொடுத்து உயர்த்திய இரண்டு இன்ச்சும் அங்கேயே போய்விட்டது.

அதே இடத்தில் 80 நியூட்டன் ஸ்பிரிங் இருந்தால் 31 மில்லிமீட்டர்தான் இறங்கும். அப்படியானால் கடினமான ஸ்பிரிங்கே நல்லது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. மூட்டைகளை இறக்கியபின் அதே வண்டி பள்ளத்தில் துள்ளும். மழையில் நனைந்த வளைவில் பின் டயர் சாலையை விட்டு எழும்பினால், பிடிமானம் போய் வண்டி பக்கவாட்டில் சறுக்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பது பெரும்பாலும் வண்டி காலியாக ஓடும் அந்த நேரத்தில்தான்.

எனவே வாரத்தில் ஐந்து நாள் சுமை ஏற்றுபவருக்குக் கனமான ஸ்பிரிங் பொருந்தும். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் ஏற்றுபவர் நடுத்தர ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முன்பக்கமும் இப்படியே. இரும்பு பம்பரும் விஞ்சும் சேர்ந்தால் கூடுதல் எடை 100 கிலோவை நெருங்கிவிடும். அவை இல்லாத வண்டிக்கு, அவற்றுக்கென்று செய்த ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும்.

எடையை ஊகிக்க வேண்டியதில்லை. செம்பனை ஆலைகளில் எடைப்பாலம் உண்டு. அனுமதி கேட்டு, வழக்கமான சுமையோடு முழு வண்டியையும் ஒருமுறை எடை போடுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் பாலத்தில் நிற்கும்படி ஒருமுறை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பின் அச்சின் எடை. இந்த மூன்று எண்களோடு கடைக்குப் போனால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை கூடிவிடாது. சேசிஸ், அச்சு, பிரேக், டயர் எல்லாம் பழையவைதான்.

அப்சோர்பரில் இரு வகை

இரட்டைக் குழாய் அப்சோர்பரில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். விலை குறைவு. வெளிக்குழாயில் கல் பட்டுச் சற்று நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தொடர்ந்து இயங்கும். ஆனால் கரடுமுரடான சாலையில் நீண்ட நேரம் ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகி நுரைத்து, அடக்கும் திறன் குறையக்கூடும். நைட்ரஜன் வாயு நிரப்பிய வகைகளில் இந்த நுரைத்தல் குறைவு.

ஒற்றைக் குழாய் அப்சோர்பரில் பிஸ்டன் பெரியது. எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் ஒரு தடுப்பு பிரித்து வைக்கிறது. சூடு விரைவில் வெளியேறும். வேகமாக நீண்ட தூரம் மண் சாலையில் ஓடுபவர்களுக்கு இது பொருந்தும். குறை என்னவென்றால், குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், விலையும் அதிகம். மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு நல்ல இரட்டைக் குழாய் வாயு அப்சோர்பரே பெரும்பாலும் போதும்.

வகையை விட முக்கியம் இரண்டு. ஒன்று, நீளம். முழுதாக விரிந்த நீளமும் முழுதாக அமுங்கிய நீளமும் உயர்த்திய வண்டிக்குப் பொருந்த வேண்டும். குட்டையாக இருந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அப்சோர்பர் உள்ளே மோதி, மாட்டியிருக்கும் இடமே பிய்ந்துவிடும். மிக நீளமாக இருந்தால் வண்டி அமுங்கும்போது அடியில் இடிக்கும். இரண்டு, பொருத்தம். ஸ்பிரிங் கனமானால் அது திரும்பி எழும் வேகமும் கூடும். அதை அடக்கும் வலிமை அப்சோர்பருக்கு இருக்க வேண்டும். எனவே ஸ்பிரிங் ஒரு கடையில், அப்சோர்பர் வேறு கடையில் என்று மலிவு பார்த்து வாங்குவதைவிட, இரண்டும் சேர்த்து வடிவமைத்த தொகுப்பை வாங்குவதே பாதுகாப்பு.

மலிவான குறுக்கு வழிகள்

முன் ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைப்பது பரவலான வழி. ஸ்ட்ரட் நிற்பது சக்கரத்துக்கு உட்புறம் என்பதால், 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இருமடங்கு உயரத்தைக் கொடுக்கும். ஆனால் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் பழையவை. மேல் நோக்கிய அசைவில் ஆதாயம் இல்லை. கீழ் நோக்கிய அசைவில் மூட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வளையும்.

பின்பக்கம் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைப்பதும் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டைகளை அடுக்குவது ஆபத்து. பழைய யு-போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாமல், நீளம் சரியான புதியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

உயர்த்தியபின் பார்க்க வேண்டியவை

பின் பிரேக்: சில பிக்கப்களில் சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு இருக்கும். வண்டியின் உடலுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியை வைத்தே அது சுமையை அறிகிறது. உயர்த்தியதும் வண்டி காலி என்று அது எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமையோடு மலை இறங்கும்போது இதன் விளைவு தெரியும். அதைச் சரிசெய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும்: சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் இழுபடக்கூடாது.

முன் அச்சு மூட்டுகள்: உயரம் கூடக்கூட இவற்றின் சாய்வும் கூடும், ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். மிதமான உயர்த்தலோடு நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அலைன்மென்ட்: கட்டாயம் செய்ய வேண்டும். மேல் ஆர்மை மாற்றினால்தான் சரியாகும் என்று சொன்னால், அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள்.

விளக்கு: பின்பக்கத்தைவிட முன்பக்கம் அதிகம் உயர்ந்தால் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். தாழ்த்தி வைக்க வேண்டும்.

வேலைக்கு முன்னும் பின்னும் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்பிரிங் சற்று இறங்கி அமரும். எனவே 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அளந்து, போல்ட்டுகளை இறுக்கி, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சட்டமும் காப்புறுதியும்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வாகன மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பணம் கட்டும் முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் உங்கள் வண்டி மாடலையும் செய்யப்போகும் மாற்றத்தையும் சொல்லி, எதற்கு அனுமதியும் பரிசோதனையும் தேவை என்று கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் சிக்கலாக வரக்கூடும்.

உயர்த்தாமலே தீரலாம்

ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயரின் உயரம் மட்டுமே. உங்கள் வண்டியில் உரசுவது அந்த உருண்டைதான் என்றால், ஸ்பிரிங்குக்குச் செலவழித்துப் பயனில்லை.

பத்தாண்டு ஓடிய வண்டியாக இருந்தால் பழைய ஸ்பிரிங் தளர்ந்து இறங்கியிருக்கலாம். அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு, டயரில் மேடு பள்ளமான தேய்மானம், ஒரு குலுக்கலுக்குப் பின் ஓயாத ஆட்டம் ஆகியவை அப்சோர்பர் தேய்ந்ததன் அடையாளங்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு, அதன் சுமைக்கேற்ற புதிய ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். வண்டியின் அடியில் குனிந்து, எந்தப் பாகத்தில் கீறல் விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.