பட்டிப் பூவும் பட்டி நாயும்

தைப் பொங்கலுக்கு முதல் நாள் அவிநாசிப் பக்கத்து வீடுகளின் இறவாரத்தைப் பாருங்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிய கொத்து ஒன்று செருகியிருக்கும். மாட்டுத் தொழுவத்திலும் ஒன்று உண்டு. காப்புக் கட்டுவது என்று அதற்குப் பெயர். சுவாமிக்கு மல்லிகையும் அரளியும் சாத்துகிறோம்; வீட்டுக்கும் மாட்டுக்கும் காவல் இருப்பதோ யாரும் நட்டு வளர்க்காத காட்டுப் பூ!

அந்தக் காட்டைப் பார்க்கத் திருப்பூரைத் தாண்டிக் காங்கயம் பக்கம் போக வேண்டும். அங்கே மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி. நடுவே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வேலியோரமெல்லாம் பூதான். கொங்கு நாட்டுக்கு வசந்தம் அப்போதே வந்துவிடுகிறது. சிவப்பாய்ப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கயம் கன்றுகள் இந்தப் புல்லில்தான் வளர்ந்தன. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த மாட்டினத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிப் பேர் பெற்றது.

அப்படி ஒரு கொறங்காட்டில் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் காலடியில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. "உங்களுக்கு உருப்படி எத்தனைங்க?" என்று கேட்டேன்.

"மாடு பதினொண்ணுங்க. நாயோட சேத்துப் பன்னெண்டு" என்றார்.

நல்ல கணக்கு! நம் முன்னோர் கணக்கும் அதுவே. மாடுதான் செல்வம் என்றிருந்த காலத்தில் போரே மாட்டில்தான் தொடங்கியது. பகைவரின் ஆநிரையைக் கவரப் போனவன் வெட்சிப் பூச் சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். கரந்தை ஏதோ அரண்மனைத் தோட்டத்து மலர் என்று நினைக்க வேண்டாம். அறுவடையான வயலில் தானாக முளைக்கும் கொட்டைக்கரந்தைதான் அது என்பார்கள்.

நாய்க்கும் சரித்திரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் அதே கல் சொல்கிறது. நாயின் உருவமும் அதில் இருக்கிறது. அரசன் பெயர் அங்கே ஆண்டு சொல்லத்தான் வந்திருக்கிறது. கல் நட்டது வீரனுக்கும் நாய்க்கும்!

இன்று கொறங்காடுகள் சுருங்கி வருகின்றன. காப்புக்கட்டுப் பூவைக் கடைவீதியில் காசு கொடுத்து வாங்குகிறோம். 2025-இல் காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டி புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் நஷ்ட ஈடு கேட்டுப் போராடினார்கள். கோவிவன் வம்சமா இப்படிச் செய்தது என்று வருந்தினேன். காக்க ஒரு பட்டியும், பன்னிரண்டாவது உருப்படியாகச் சேர்த்து எண்ண ஒரு மனிதரும் இருந்தால் அந்த நாய்கள் இப்படி ஆகியிருக்குமா? ஆட்டை இழந்தவர் கண்ணீருக்கு இந்தக் கேள்வி பதிலாகாதுதான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அன்று புறப்படும்போது பெரியவரிடம் நாயின் பெயரைக் கேட்டேன். "மணிங்க" என்றார்.

குறித்து வைத்துக்கொண்டேன்.