பதிவேற்ற வேகத் தடுமாற்றம்

வீட்டு அகலப்பட்டை இணைப்பில் பதிவிறக்கம் ஒழுங்காக இருக்கும்போதே, வீட்டிலிருந்து வெளியே போகும் தரவின் வேகம் மட்டும் ஏறி இறங்கும் கோளாறு. காணொளி அழைப்பில் எதிரிலிருப்பவர் முகம் நமக்குத் தெளிவாகத் தெரியும். நம் குரல்தான் அவருக்கு விட்டுவிட்டுக் கேட்கும். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பாடாலூர் போன்ற ஊர்களிலும் இணையவழி வகுப்பு, வீட்டிலிருந்தே வேலை, கண்காணிப்புக் கேமரா என்று வெளியே அனுப்பும் தேவை கூடிய பிறகே இந்தக் கோளாறு கண்ணில் படுகிறது.

பதிவேற்றம் தொடக்கம் முதலே மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக அகலப்பட்டை தரத் தொடங்கியபோது பயன்பட்டது ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம். அதன் வளர்ந்த வடிவத்தில்கூட உள்ளே நொடிக்கு 24 மெகாபிட் வரை வரலாம். வெளியே போவது ஏறக்குறைய 1 மெகாபிட். அகலப்பட்டை எது என்று மத்திய அரசு வகுத்த அளவும் 2004இல் 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023இல் 2 மெகாபிட் என்று உயர்ந்ததே தவிர, ஒவ்வொரு முறையும் சொன்னது பதிவிறக்க வேகத்தை மட்டுமே.

ஒளியிழையில்

இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறையில் இயங்குகிறது. நிலையத்திலுள்ள ஓஎல்டி கருவியிலிருந்து வரும் ஒரே இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. உள்ளே வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், மொத்தக் கொள்ளளவு 2.5 கிகாபிட். வெளியே போவது 1310 நானோமீட்டர், 1.25 கிகாபிட். வரும் ஒளி எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே பாய்கிறது. போகும் ஒளிக்கு முறை உண்டு: எந்த வீட்டு மோடம் எந்த நுண்நொடியில் ஒளிர வேண்டும் என்று ஓஎல்டி சொல்லும். மோடம் ஒன்று பழுதாகித் தன் முறை வராமலே ஒளிர்ந்தால், அந்த இழையில் உள்ள அத்தனை பேரின் பதிவேற்றமும் குலையும். அப்போது நம் வீட்டு ரவுட்டரை மாற்றினாலும் பயனில்லை. பழுது நாலு வீடு தள்ளி இருக்கலாம்.

லைன்மேன் வந்து மீட்டரைச் செருகி, ‘பவர் சரியா இருக்குங்க’ என்று சொல்லிவிட்டுப் போவதோடு பல புகார்கள் முடிந்துவிடுகின்றன. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த மீட்டர் அளப்பது உள்ளே வரும் ஒளியை. வழக்கமான ஜிபான் மோடத்துக்கு −8 முதல் −27 டிபிஎம் வரையிலான ஒளி போதும். 3 டெசிபெல் இழப்பு என்றால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள்; 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும் 17 டெசிபெல் அளவுக்குத் தின்றுவிடும். வீட்டிலிருந்து போகும் ஒளி நிலையத்தை எவ்வளவு வலுவோடு அடைகிறது என்பது ஓஎல்டி திரையில் மட்டுமே தெரியும். பதிவேற்றம்தான் புகார் என்றால் கேட்டு வாங்க வேண்டியது அந்த எண்ணை.

இழப்பு சேரும் இடங்கள் சில்லறையானவை: கதவிடுக்கில் நசுங்கிய ஒயர், தூசி படிந்த கனெக்டர், மழைநீர் புகுந்த ஜாயின்ட் பெட்டி. பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முனையில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் இணைப்பு வந்துவிடும், ஒளி கணிசமாக வீணாகும். காட்டுக் கொட்டகை வரை மின்கம்பத்திலும் வேப்பமரத்திலும் கட்டி இழுத்த இணைப்பில் காற்றடிக்கும்போது மட்டும் தடுமாற்றம் வந்தால், ஒயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வைஃபையில்

நிலையம் வரை போவதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சோதனை உண்டு. மடிக்கணினியை லேன் கேபிளால் மோடத்தில் நேராக இணைத்துப் பதிவேற்றம் பார்க்க வேண்டும். அது சீராக இருந்தால் குற்றவாளி வைஃபை. கைபேசியில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் கைபேசிக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். கைபேசியின் அனுப்பும் வலு பொதுவாக ரவுட்டரைவிடக் குறைவு. கான்கிரீட் சுவரோ தகரக் கூரையோ குறுக்கிட்டால் முதலில் அடிபடுவது பதிவேற்றம். 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே என்பதால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் இடையூறு. ஒரே அறையில் இருப்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது.

கோளாறே இல்லாமலும் வேகம் சரியும். கைபேசி தன் படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பும் வேளையில், அல்லது கேமரா இடைவிடாமல் காட்சியை ஏற்றும்போது, மோடத்தில் தரவு வரிசை கட்டி நிற்கிறது. வந்த தரவுக்கான ஒப்புகைச் செய்திகளும் அதே வரிசையில் சிக்கிக்கொள்ள, பதிவிறக்கமும் மந்தமாகும். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) பார்த்தால் 20 மில்லிநொடி பல நூறாகத் தாவும். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் முன்வைத்த கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை இதற்குத் தீர்வு. அதன் வழிவந்த வசதி உள்ள ரவுட்டரில், பதிவேற்ற உச்சத்தை உண்மை வேகத்தின் 90 விழுக்காட்டில் கட்டி வைத்தால் பிங் அடங்கும்.

2023 செப்டம்பரில் வந்த ஜியோ ஏர்ஃபைபர் போன்ற கம்பியில்லா 5ஜி இணைப்புகளின் கதை வேறு. ஒரே அலைவரிசையை நேரப் பங்கீட்டில் இருதிசைக்கும் பயன்படுத்தும் 5ஜி அமைப்புகளில், நேரத்தின் பெரும்பங்கு பதிவிறக்கத்துக்கே போகிறது. கோபுரத்தில் கூட்டம் சேரும் மாலைவேளையில் மிச்சப் பங்கு இன்னும் சுருங்கும்.

புகார்

ஒரேயொரு வேகச் சோதனை எதையும் நிறுவாது. லேன் கேபிளில், காலை, மாலை, நள்ளிரவு எனச் சில நாள் எடுத்த அளவுகள் பேசும்: இரவு எட்டு மணிக்கு மட்டும் விழுந்தால் நெரிசல், மழைக்குப் பின் விழுந்தால் ஜாயின்ட். அவற்றோடு சேவை நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை. 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, மையத்தின் பதில் நிறைவளிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம்; அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மனுவில் ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதாமல், ஓஎல்டி பக்கத்து ஒளி அளவைக் கேட்டதையும் கிடைத்த பதிலையும் சேர்த்து எழுதுவது நல்லது.