தங்க ரேக்கும் இரண்டு மின்சாரங்களும்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பௌதிக வகுப்பில் கூலோம் விதியை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே வழி போட்ட துய்ஃபேயைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. (துய்ப்ளே அல்ல, அவர் வேறு.) ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

சார்ல் துய்ஃபே 1698இல் பாரீசில் பிறந்தவர். இளமையில் ராணுவம், பிறகு ரசாயனம். 1732 முதல் அரசரின் தோட்டத்துக்கு மேலதிகாரி. அடுத்த ஆண்டு, புதுச்சேரியில் லெனுவார் கவர்னராக இருந்த காலத்தில், அவர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாயை நன்றாகத் தேய்த்து ஒரு தங்க ரேக்கின் அருகே பிடித்தார். ரேக்கு ஓடி வந்து குழாயைத் தொட்டது. தொட்டதும் விலகி அந்தரத்தில் மிதந்தது. குழாயை நெருக்க நெருக்க அது நழுவிப் போனது.

அது ஏன் நழுவுகிறது? விலக்குகிற ஒன்றை நெருக்கிக் கொண்டுபோக, கை கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும். கிணற்றிலிருந்து இழுத்த வாளியில் நம் உழைப்பு தங்குவதுபோல, அந்த வேலை நிலை ஆற்றலாகத் தங்குகிறது. ரேக்கு பறக்கும்போது அது இயக்கமாக வெளிப்படுகிறது.

தேய்த்த எந்தப் பொருளும் அந்த ரேக்கை இப்படியே விரட்டும் என்று துய்ஃபே நினைத்தார். நம்மூர்க் குங்கிலியம் போன்ற கோப்பல் பிசினைத் தேய்த்து நீட்டினார். ரேக்கு போய் அதில் ஒட்டிக்கொண்டது! தாம் வெகுவாகக் குழம்பிப் போனதை அவர் ஒளிக்காமல் எழுதினார். கணக்கு ஒத்துவராவிட்டால் பேரேட்டைத் திருத்துகிற ஆட்களை அலுவலகத்தில் பார்த்தவன் நான். அதனால் அந்த வரி எனக்குப் பெரிதாகப் பட்டது.

மின்சாரம் இரண்டு வகை, கண்ணாடி மின்சாரம், பிசின் மின்சாரம் என்று முடிவு செய்தார். ஒரே வகை விலக்கும், வேறு வகை ஈர்க்கும். 1747இல் பிராங்க்ளின், ஒரே திரவந்தான், மிகுதியும் குறைவுமே வித்தியாசம் என்று சொல்லி, கண்ணாடிக்குக் கூட்டல் குறி போட்டார். குறி நிலைத்தது, துய்ஃபே பெயர் மறைந்தது. ஆனால் அணுவுக்குள் புரோட்டான், எலெக்ட்ரான் என இரண்டு வகை மின்னூட்டம் இருப்பது பின்னாளில் தெரிந்தது. தேய்த்த பிசினில் மிகுந்திருப்பது எலெக்ட்ரான்தான்.

பதில் சொல்ல துய்ஃபே இல்லை. 1739இல், நாற்பதே வயதில், பெரியம்மை கொண்டுபோய்விட்டது. சாகுமுன் தோட்டத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்: பியூஃபோன் என்ற இளைஞரிடம்.