எட்வர்ட் கார்ப்பென்டரின் முதுமை

பொன்னம்பலம் அருணாசலத்தின் வரலாறு பேசப்படுமிடத்தெல்லாம் அவருடைய ஆங்கில நண்பர் எட்வர்ட் கார்ப்பென்டரின் பெயரும் உடன்வரும். கேம்பிரிட்ஜ் கல்விக் காலத்தில் அரும்பிய நட்பு அது. அருணாசலம் அனுப்பிய கீதை மொழிபெயர்ப்பு கார்ப்பென்டரின் கவிதைப் போக்கையே திருப்பிற்று. 1890இல் கடல் கடந்து வந்த அவர், குருநாகலில் நீதிபதியாக இருந்த நண்பருடன் தங்கி, இராமசாமி என்னும் தமிழ் ஞானியிடம் சில வாரங்கள் உபதேசம் கேட்டார். 1892இல் வெளிவந்த அவரது பயணநூல் அதனை விரிவாகவே உரைக்கின்றது. தமிழறிந்தோர் நினைவில் அவர் வாழ்வு பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றது. அஃது அம்மனிதரின் பாதிதான். மறுபாதி, அப்பயணம் முடித்துத் தாயகம் மீண்டபின், ஷெஃபீல்டு நகரின் வறிய தெருக்களில் வளர்ந்த ஜார்ஜ் மெரில் என்னும் இளைஞரை 1891இல் கண்டதில் தொடங்குகின்றது.

ஆணுக்கு ஆண்மேல் எழும் காதல் அன்றைய இங்கிலாந்தில் குற்றம். 1885ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஈராண்டுக் கடுங்காவல் வரை விதித்தது. 1895இல் ஆஸ்கார் வைல்டு சிறைப்பட்டது அச்சட்டத்தின்படியே. (இலங்கையிலும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இத்தகையதொரு பிரிவு இருந்தது. அச்சட்டக்கோவை ஆண்ட நாட்டில் நீதிபதியாக அமர்ந்தவர் அருணாசலம். எனினும் நட்பு முறியவில்லை.) தன்பால் காதலைப் பற்றிய சிறு நூலொன்றைக் கார்ப்பென்டர் முந்திய ஆண்டுதான் தனிச்சுற்றுக்கு அச்சிட்டிருந்தார். வைல்டு வழக்கின் அச்சத்தில் அவருடைய பதிப்பாளர் அவரைக் கைவிட்டார். பல நண்பர்கள் வாய்மூடிய காலம் அது. அவரோ 1898இல், தமது ஐம்பத்து நான்காம் வயதில், டெர்பிஷயரின் மில்தோர்ப் சிற்றூரிலிருந்த தம் வீட்டிற்கு மெரிலை அழைத்துக்கொண்டார். இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழலாயினர்.

நண்பர்கள் தடுத்தனர். படித்த கனவானுக்குப் பள்ளிப்படிப்பும் போதாத ஒருவர் எவ்வாறு துணையாவார் என்பது அவர்கள் ஐயம். மெரில் சமைத்தார், வீட்டைப் பேணினார், வந்தவரை உபசரித்தார். ஊரார் கண்ணுக்கு அவர் பணியாளராகத் தோன்றியிருக்கலாம். அத்தோற்றமே ஒரு காப்பாகவும் அமைந்தது எனலாம். வர்க்க வேறுபாடு ஒருவகையில் பழிக்கும் இடமாயிற்று, மற்றொருவகையில் மறைவிடமும் ஆயிற்று.

இத்தகையோரின் வரலாற்றில் ஏடுகள் மிகுதியாகப் பேசுவது இளமையைத்தான். வழக்கு, சிறை, அவதூறு ஆகியவற்றுக்கே ஆவணம் உண்டு. முப்பதாண்டுகள் ஒருவர்க்கொருவர் சோறு பரிமாறியதற்கு ஆவணம் ஏது? கார்ப்பென்டர் இதில் அரிய விதிவிலக்கு. 1908இல் இத்தகைய காதலரைப் பற்றி வெளிப்படையாகவே நூல் எழுதினார். 1912இல், அறுபத்தெட்டை எட்டுங்கால், காதலும் மரணமும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1916இல் வெளிவந்த தன்வரலாற்றில் மெரிலுக்குரிய இடத்தையும் தந்தார். முதுமையில் அடங்கி ஒடுங்குவதே இயல்பு என்று கருதப்பட்ட காலத்தில் அவர் மேலும் மேலும் திறந்து பேசினார்.

1913இல் அவ்வீட்டிற்கு வந்த நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர், அங்குக் கண்ட வாழ்வின் உந்துதலால் 'மாரிஸ்' என்னும் நாவலை எழுதினார். எழுதியதை அச்சிடத் துணியவில்லை. 1970இல் தொண்ணூற்றோராம் வயதில் அவர் மறைந்தார். நூல் 1971இல்தான் வெளிவந்தது. இடையே 1967இல் சட்டம் தளர்ந்தபோதும் அவர் கையெழுத்துப்படியை வெளிவிடவில்லை. முதியவரின் வீட்டில் பிறந்த நூல், அதை எழுதிய இளையவர் முதுமை எய்தி மறையும்வரை பெட்டியில் கிடந்தது.

1922இல் இருவரும் தெற்கே கில்ட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தனர். 1924 சனவரியில் அருணாசலம் மதுரையில் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டில் கார்ப்பென்டருக்கு எண்பது வயது நிறைந்தபோது, அன்றைய தொழிற்கட்சி அமைச்சரவையினர் அனைவரும் கையெழுத்திட்ட வாழ்த்துமடல் வந்தது. அவர் யாருடன் வாழ்கிறார் என்பது அவருடைய நூல்களைப் படித்த எவரும் அறியக்கூடியதே. சட்டம் அதனைக் குற்றமென்றது, அமைச்சர்கள் வாழ்த்தினர். அறிந்தும் அறியாததுபோல் இருக்கும் இக்கலை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. 1927இல், எண்பத்து மூன்றை எட்டும் வயதில், மறைந்த நண்பர் ஞானம் குறித்து எழுதிய கடிதங்களைத் தொகுத்து நூலாக்கினார். 'ஞானம்' என்னும் சொல் அந்த ஆங்கில நூலின் தலைப்பிலேயே நிற்கின்றது.

மெரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இளையவர். முதியவரை இளையவர் இறுதிவரை பேணுவார் என்பதே எவரும் கொள்ளத்தக்க கணக்கு. பிள்ளைப்பேறில்லாத இருவர்க்கு அதைவிட வேறு காப்பும் இல்லை. கணக்குத் தவறிற்று. 1928 சனவரியில் மெரில் முந்திக்கொண்டார். மனைவியை இழந்தவரென்றால் துக்கம் விசாரிப்பதற்கு ஊருக்கு ஒரு முறைமை உண்டு. இவ்விழப்புக்கு அன்று பெயரும் இல்லை, சடங்கும் இல்லை. அவ்வாண்டு மே மாதம் கார்ப்பென்டரை வாதம் தாக்கிற்று. பிறர் துணையின்றி இயங்கவியலாத நிலையில் பதின்மூன்று மாதங்கள் கழிந்தன.

1929 சூன் 28இல் அவர் உயிர் நீத்தார். தம்மை அடக்கம் செய்கையில் படிக்கவேண்டிய சில சொற்களை 1910இலேயே எழுதி வைத்திருந்தார்; அந்தத் தாள் கைக்குக் கிட்டியதோ அடக்கம் முடிந்து சில நாள் கழிந்தபின். எனினும் மண் அவர்களைப் பிரிக்கவில்லை. கில்ட்ஃபோர்டின் மவுண்ட் கல்லறைத் தோட்டத்தில், மெரிலைப் புதைத்த குழியிலேயே அவரையும் வைத்தனர்.