கொக்கியும் வளையமும்

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப்பின் மாதிரியைச் சிருஷ்டித்துக் கொடுத்த பாண்டம் கம்பெனிக்கு, பெரும் ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்ச்சேர்ந்தபின், அதே ஜீப்பின் பின்னே ஓடும் கால் டன் டிரெயிலரைக் கட்டும் காரியமே பிரதானமாக மிஞ்சியது. விதியின் பரிகாசம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். நீரோடையில் சுமையோடு மிதக்கும்படி அமைந்த அந்த டிரெயிலரைப் பிணைப்பதற்கு, சமதளச் சாலைக்குப் போதுமான குண்டும் கிண்ணமுமாகிய இணைப்பை விடுத்து, வாய் பூட்டும் இரும்புக் கொக்கியையும் அதில் மாட்டும் தடித்த வளையத்தையும் ராணுவத்தார் தேர்ந்தது நியாயமே. ஏனெனில், முன்வண்டி ஒருபுறமும் பின்வண்டி மறுபுறமும் சாயும் பள்ளங்களில், குண்டைக் கவ்விய கிண்ணம் ஓர் எல்லைக்குமேல் திரும்பமாட்டாமல் முறியக்கூடும். வளையமோ தளர்வாக மாட்டியிருப்பதால் வெகுவாகப் புரண்டு இணங்கும். அத்தளர்வே நல்ல சாலையில் ஓயாத கடகடப்பாகிவிடுவதால், பிற்காலத்தில் உல்லாசத்துக்காகக் காடுமேடு ஏறிய ஆஸ்திரேலியர்களில் பலர், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பாலியூரித்தேன் கட்டை பதித்த ட்ரெக் இணைப்பை நாடினர்.