ஆர் நிரல்மொழியில் சமன்மை: பட்டியல்களிலுள்ள வெக்டர்களை ஒப்பிடும் முறைகளின் வரலாறு

முன்னுரை

இரு பட்டியல்களில் சேமிக்கப்பட்ட வெக்டர்கள் ஒன்றா என்பது புள்ளியியல் ஆய்வில் அடிக்கடி எழும் வினாவாகும். முதற்கணக்கீட்டின் முடிவும் மறுகணக்கீட்டின் முடிவும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பவர் கேட்பதும் இதுவே. ஆர் நிரல்மொழி இதற்கு ஒரே விடையைத் தருவதில்லை. அதற்கான காரணம் அம்மொழியின் வரலாற்றில் உள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உறுப்புவாரி ஒப்பீடு

கென்னத் ஐவர்சன் 1962இல் நூலாக வெளியிட்ட குறியீட்டு முறையிலிருந்து ஏபிஎல் மொழி பிறந்தது. அதில் இரு எண்வரிசைகளை ஒப்பிட்டால் ஒவ்வோர் இணைக்கும் தனித்தனி விடை கிடைக்கும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன்பணியாளரும் தொடங்கிய எஸ் மொழியிலும் இவ்வியல்பு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், எஸ் மொழியிடமிருந்து இதனைப் பெற்றது.

நீளம் குறைந்த வெக்டரை மீண்டும் மீண்டும் எடுத்தாளும் விதியும் உடன் வந்தது. 1, 2, 1, 2 என்ற வெக்டரை 1, 2 என்பதோடு இரட்டைச் சமன்குறியால் ஒப்பிட்டால் நான்கு 'மெய்' கிடைக்கும். எச்சரிக்கை எதுவும் எழாது. பல உறுப்புகள் கொண்ட வெக்டர்களைத் தாங்கிய இரு பட்டியல்களை நேரடியாக ஒப்பிட்டாலோ பிழைச்செய்தியே வரும்.

முழுமை ஒப்பீடும் தோராய ஒப்பீடும்

இக்குறையை ஐடென்டிகல் என்னும் செயற்கூறு நிறைவு செய்கிறது. மேப் செயற்கூற்றின்வழி இரு பட்டியல்களின் இணை உறுப்புகளுக்கு அதனைப் பயன்படுத்தினால், ஒவ்வோர் இணைக்கும் ஒற்றை விடை கிடைக்கும். எனினும் அது மிகக் கண்டிப்பானது. முழு எண் வகையில் அமைந்த 1, 2, 3 என்பதையும் மிதப்புப் புள்ளி வகையில் அமைந்த அதே எண்களையும் அது வேறாகவே கொள்ளும்.

இரண்டின் வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் கணினியில் துல்லியமாக இரண்டு கிடைப்பதில்லை. இத்தகைய வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளவே ஆல்.ஈக்குவல் என்னும் செயற்கூறு உள்ளது. அதன் இயல்பான பொறுதி எல்லை ஏறத்தாழ 1.5×10⁻⁸ ஆகும். பொருந்தாதபோது அது 'பொய்' என்று கூறாமல் வேறுபாட்டை விவரிக்கும் சொற்றொடரையே தருகிறது. ஆகவே அவ்விடையை இஸ்ட்ரூ செயற்கூற்றால் 'மெய்', 'பொய்' என மாற்றிய பின்னரே நிபந்தனையில் பயன்படுத்த இயலும்.

நிபந்தனைத் தொடரில் நேர்ந்த மாற்றம்

உறுப்புவாரி ஒப்பீட்டின் விடையை நேரடியாக 'இஃப்' நிபந்தனையில் இட்டால், முற்காலப் பதிப்புகள் முதல் உறுப்பை மட்டும் கருதி, எச்சரிக்கையுடன் கணக்கீட்டைத் தொடர்ந்தன. முதல் உறுப்பு பொருந்தி ஏனையவை மாறுபட்டாலும் இரண்டும் ஒன்றெனவே முடிவாகும். 2022இல் வெளியான 4.2.0 பதிப்பில்தான் இது பிழையாக அறிவிக்கப்பட்டுக் கணக்கீடு நிறுத்தப்பட்டது.

முடிவுரை

உறுப்புவாரி, முழுமை, தோராயம் என மூவகைச் சமன்மைகள் ஆரில் உடனுறைகின்றன. பழைய நிரல்களைக் கொண்டு எட்டப்பட்ட முடிவுகளை மறுஆய்வு செய்வோர், அவற்றில் எவ்வகைச் சமன்மை கையாளப்பட்டது என்பதை முதலில் கண்டறிதல் வேண்டும்.